கன்னத்தில் பாய்ந்த இரும்புச் சில்லை மூக்கு வழியாக எடுக்க முடியுமா?

கேள்வி (தேவகோட்டை)
அன்பர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் பழைய வீடொன்றின் சுவர்க்காரையைக் கொத்தும்போது, உளியின் தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு என் தம்பியின் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பாய்ந்துவிட்டது. காயம் ஆறிவிட்டாலும், சில்லு உள்ளேயே இருப்பதாக எக்ஸ்ரே காட்டுகிறது. முகத்தைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். மூக்கு வழியாகவே எடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முகத்தில் தழும்பு விழுமோ என்று ஆத்தா கலங்குகிறார். யார் சொல்வதை ஏற்பது?

பதில் (காரைக்குடி)
அண்ணே, சில்லு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தே வழி அமையும் என்பதால், இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். கண்ணுக்குக் கீழே, மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த சைனஸ் குழி உண்டு. அதன் வாய் மூக்கின் பக்கச் சுவரில் திறக்கிறது. சில்லு அந்தக் குழிக்குள் விழுந்திருந்தால், ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழல்) மூக்கில் செலுத்தி, அந்த வாயைச் சற்று அகலப்படுத்தி, வளைந்த இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். நேர்ப்பார்வைக்குத் தெரியாத மூலைகளைக் காண 30, 45, 70 பாகைச் சாய்வில் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. முன்மூலையில் சிக்கியிருந்தால் மேலுதட்டை உயர்த்தி, பல் ஈறுக்கு மேலே சிறு துளையிட்டு எடுப்பதுண்டு. அப்போதும் முகத்தில் தழும்பு விழாது. கன்னத் தசைக்குள்ளேயே நின்றிருந்தால் கதை வேறு, மூக்கு வழி உதவாது.

பதில் (பள்ளத்தூர்)
எக்ஸ்ரேயில் ஆழம் சரியாகப் பிடிபடாது, சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே முடிவு செய்யுங்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் வேண்டவே வேண்டாம்: அதன் காந்தப்புலம் இரும்பை நகர்த்தக்கூடும், கண் பக்கத்திலேயே இருக்கிறது. கண் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். (தச்சு வேலை செய்வோர் கவனத்துக்கு: மரச்சிராய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, சி.டி.யில்கூடக் காற்றைப் போல் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.)

பதில் (கோட்டையூர்)
கீறல் சிறியதாக இருந்தாலே நல்லது என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. எடுத்துக்காட்டாக, கழுத்தில் பெரிய இரத்தக்குழாயை ஒட்டிய பொருளை எடுக்கும்போது, குழாயைக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்ளத் திறந்த அறுவையே பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆழத்தில் தொந்தரவின்றிக் கிடக்கும் உலோகத்துண்டை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் சைனஸ் குழிக்குள் கிடந்தால் நாள்பட்ட அழற்சியும் சீழும் வரக்கூடும் என்பதால், தம்பிக்கு வலி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. டெட்டனஸ் ஊசி அன்றே போட்டாயிற்று. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, ஸ்கேன் எடுத்த பின் எந்த வழி என்று அவர்களிடமே கேட்டுக்கொள்கிறோம்.