இண்டக்ஷன் சீல் போட்டா உள்ள இருக்கிற சரக்கு சூடாகுமா?

கவிதா: பெரியப்பா, செந்தில் அண்ணா, ஒரு சந்தேகம். புரோபயாட்டிக் பொடி அடைச்ச பாட்டிலுக்கு இண்டக்ஷன் சீல் போடலாமா? அந்தச் சூட்டுல நுண்ணுயிர் செத்துடாதா?

பெரியப்பா: தாராளமா போடலாம்மா. மெஷின்ல இருக்கிற காயில்ல (கம்பிச் சுருள்) இருந்து வர்ற காந்தப்புலம் மூடிக்குள்ள இருக்கிற அலுமினிய ஃபாயிலைத்தான் சூடாக்கும். அந்தச் சூட்டுல ஃபாயிலோட அடியில இருக்கிற பிளாஸ்டிக் படலம் உருகி பாட்டில் வாயில ஒட்டிக்கும், அதுதான் சீல். பாட்டிலையோ பொடியையோ நேரா தொடாது. ஃபாயில்லயும் விளிம்புலதான் மின்னோட்டம் அதிகம், அதனால வாய் வளையம்தான் நல்லா சூடேறும்.

செந்தில்: கணக்கு போட்டே பாத்துடலாம். 38 மி.மீ. வட்டம், 25 மைக்ரான் ஃபாயில், எடை சுமார் 0.08 கிராம். 25 டிகிரில இருந்து 150க்கு ஏத்த 9 ஜூல் போதும். 100 மி.லி. தண்ணியை ஒரே ஒரு டிகிரி ஏத்தவே 418 ஜூல் வேணும். அட்டை, பிளாஸ்டிக் படலம் எல்லாம் சேர்த்து பத்து மடங்குன்னு வச்சாலும், அத்தனையும் தண்ணிக்குள்ள இறங்கினாலும், 0.2 டிகிரிதான் ஏறும்.

கவிதா: 👍 சிரப்பை வாய் வரைக்கும் நிரப்பினா?

செந்தில்: அங்கதான் தகராறே. திரவம் ஃபாயிலைத் தொட்டா சூட்டை உறிஞ்சிடும், ஒட்டுற படலம் சரியா உருகாது, சீல் அரைகுறையா நிக்கும். உடனே பவரைக் கூட்டுவாங்க, அதுதான் தப்பு. நிரப்புற அளவைக் குறைச்சு மேல இடைவெளி விடணும். வாயில பொடி, ஈரம் இருந்தாலும் ஒட்டாது.

கவிதா: 📷 படம்
இந்த மூடியைப் பாருங்க. உள் அட்டைல வளையமா பழுப்பு, தீஞ்ச வாசனை வேற வருது.

பெரியப்பா: சூடு மிஞ்சிப் போச்சு. பாட்டில் வாய் விளிம்புல பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கும், விரலால தடவிப் பாரு. சரக்குக்கு நிஜமான கெடுதல் இதுதான், தீஞ்ச வாசனை உள்ள இறங்கிடும். ஒண்ணு பவர் அதிகம், இல்லன்னா பாட்டில் சீலிங் ஹெட்டுக்கு (காயில் இருக்கிற பகுதி) அடியில இருக்கும்போது கன்வேயர் நின்னிருக்கும். பெல்ட் நின்னா பவரும் தானா கட் ஆகணும், அந்த இணைப்பு இல்லாம மெஷினை ஓட்டவே கூடாது. அடியில மாட்டின பாட்டிலை எல்லாம் ஒதுக்கிடு.

செந்தில்: ஆக்ஸிஜன் உறிஞ்சிப் பொட்டலம் போடுறதா இருந்தா கவனம் கவிதா. பெரும்பாலும் அதுல இருக்கிறது இரும்புத்தூள், ஃபாயிலுக்குப் பக்கத்துல கிடந்தா அதுவும் சூடேறலாம். அடியில போட்டு மேல பொடியை நிரப்பு. ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லுக்கு இந்தப் பயம் இல்ல.

பெரியப்பா: ஸ்பிரிட் அதிகமுள்ள சரக்குன்னா மட்டும் மெஷின் கம்பெனிகிட்ட கேக்காம தொடாத. கிழிஞ்ச, மடங்குன ஃபாயில்ல ஒரே இடத்துல சூடு குவியும், பக்கத்துல ஆவி இருந்தா பத்திக்கும்.

கவிதா: சரி பெரியப்பா. பவர் எவ்வளவு வைக்கணும்?

பெரியப்பா: பொதுவா ஒரு எண் கிடையாது. பெல்ட் வேகத்தை மாத்தாம, பவரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. சுத்திலும் முழுசா ஒட்ட ஆரம்பிக்கிற அளவைக் குறிச்சுக்கோ, பழுப்பு தெரியற அளவையும் குறிச்சுக்கோ, ரெண்டுக்கும் நடுவுல வை. அதுக்கு முன்னாடி லைனரை, அதாவது மூடிக்குள்ள இருக்கிற ஃபாயில்-படலம் அடுக்கைச் சரிபாரு: பிஇடி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு பிஇடிக்கான படலம், எச்டிபிஇ (ஒரு வகை பாலிஎத்திலீன்) பாட்டிலுக்கு பாலிஎத்திலீன் படலம். மாறிப்போனா எத்தனை சூடு வச்சாலும் நிக்காது.

செந்தில்: மூடியோட இறுக்கமும் முக்கியம். ஃபாயில் வாயில அழுந்தினாதான் ஒட்டும். மெழுகு லைனர்னா (அட்டையும் ஃபாயிலும் மெழுகால ஒட்டியிருக்கிறது) சீலுக்கு அப்புறம் மூடி தளரும், திரும்ப இறுக்கணும். சோதனையை சூட்டோட பண்ணாத, நல்லா ஆறினதும் மூடியைக் கழட்டி பாட்டிலை அமுக்கிப் பாரு. ஃபாயில் உப்பி அப்படியே நிக்கணும், காத்து கசியக் கூடாது.