ஹாம்பர்க்கில் பச்சைக் கடை நடத்திய ஹெர்பர்ட் ஹோஃப்மானிடம் பச்சை குத்திக்கொண்ட யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

துறைமுகவாசி:

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் குடியிருந்தார். ஹாம்பர்க் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியே காலம் கழித்தவர். நான் குடிவந்த புதிதில் அவரைப் படிக்கட்டில் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிவிடுவேன். காரணம் அவர் கைகள். இரண்டு முன்கைகளிலும் இடமே இல்லாமல் பச்சை. ஜெயிலுக்குப் போய்வந்த ஆள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு டிசம்பரில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. இரண்டாம் மாடியில் உருளைக்கிழங்குப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பையை வாங்கி மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார். சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளியபோதுதான் அந்தக் குறிகளைப் பார்த்தேன். வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய சதையில் ஒரு சிலுவை, ஒரு இதயம், ஒரு நங்கூரம். மூன்றும் சேர்ந்தே ஒரு ஐந்து சென்ட் நாணயத்துக்குள் அடங்கிவிடும். நான் பார்ப்பதைக் கவனித்தவர், "இது ஹோஃப்மான் போட்டது" என்றார். ஊரில் பெரிய வித்வானிடம் பாட்டுக் கற்றதைச் சொல்கிறவர்களின் குரல் இருக்குமே, அதே குரல்.

அந்தப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஹோஃப்மான் பிறந்தது 1919 டிசம்பர் 30, போமெரேனியாவில் ஃப்ரையன்வால்டே என்ற சிற்றூரில். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய், பிறகு சோவியத் படையிடம் போர்க்கைதி. ஊர் திரும்பி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். சிறுவயதில் தெருவில் கண்ட தொழிலாளிகளின் பச்சைக் கைகள் மனத்திலிருந்து போகவே இல்லை போலும். 1961ல் ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலிப் பேட்டையில், ஹாம்பர்கர் பெர்க் தெருவின் 8ஆம் எண் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். 'ஜெர்மனியின் மிகப் பழைய பச்சைக் கடை' என்று சொல்லப்படுகிற கடை அது. ரீப்பர்பான் என்ற கேளிக்கைத் தெருவிலிருந்து பிரியும் தெரு, இருபுறமும் மதுக்கடைகள்.

பெரியவர் கடைக்குப் போனது அறுபதுகளில், வாலிப வயதில். எந்திரச் சத்தம் கேட்டதும் ஒரு தரம் வெளியே ஓடிவந்துவிட்டதாகச் சொன்னார். தெருமுனையில் ஒரு பியர் குடித்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாராம். அவர் அம்மா தீவிர பக்தை. மூன்று நாள் மகனோடு பேசவில்லை. நான்காம் நாள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, சிலுவையாவது இருக்கிறதே" என்று சொல்லிச் சோறு போட்டாராம். ஹோஃப்மான் பலருக்கும் குத்திவிட்ட குறி இது. சிலுவை விசுவாசத்துக்கு, இதயம் அன்புக்கு, நங்கூரம் நம்பிக்கைக்கு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 13ஆம் அதிகாரத்தில் வரும் மூன்றும்தான்.

ஹோஃப்மானிடம் பச்சை குத்திக்கொண்டவர்களையோ, அவர் எடுத்த புகைப்படங்களில் இருப்பவர்களையோ யாராவது சந்தித்திருந்தால் எழுதுங்களேன். தூரத்துச் சந்திப்பாக இருந்தாலும் பரவாயில்லை.


ஊசிக்காரி:

அண்ணா, நான் பெர்லினில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் கற்கிறேன். ஹோஃப்மானை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் 2010 ஜூன் 30ல் போய்விட்டார், நான் ஊசியைக் கையில் எடுத்தது அதற்கு வெகு காலம் கழித்து. ஆனால் நீங்கள் சொன்ன குறியைப் பற்றித் தொழில்காரியாக ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் பச்சை நிற்காது! கட்டைவிரல் இடுக்கில் தோல் மெல்லிசு, எந்நேரமும் மடங்கி விரிகிற இடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சோப்புப் படுகிற இடம். கொஞ்சம் மேலோட்டமாகக் குத்தினால் சில மாதத்தில் பாதி உதிர்ந்துவிடும். பயந்துபோய் ஆழமாக இறக்கினால் மை உள்ளுக்குள் ஊறிப் பரவி, கோடு தடித்துப்போகும். துறைமுகத்தில் கயிறு இழுத்த கையில், ஐம்பது வருடம் கழித்தும் அது சிலுவை, அது நங்கூரம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால், குத்தியவர் கை எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்?

எனக்கு இன்னும் இடது கைதான் தகராறு. வலது கை எந்திரத்தைப் பிடித்தால் போதும். தோலை இழுத்துத் தம்பட்டம்போல விறைப்பாக நிறுத்துவது இடது கை வேலை. நங்கூரத்தின் அடி வளைவை மட்டும் செயற்கைத் தோலில் நூறு தடவையாவது போட்டிருப்பேன். வளைவு திரும்பும் இடத்தில் தோல் ஒரு நூலளவு தளர்ந்தாலும் கோடு நடுங்கிவிடும்.

ஹோஃப்மானைப் பேசும்போது கிறிஸ்டியான் வார்லிஷையும் பேசவேண்டும். 1891ல் பிறந்தவர், அதே சாங்க்ட் பவுலியில் மதுக்கடை வைத்திருந்தார். கடையின் ஒரு மூலையில்தான் பச்சை. மின் எந்திரத்தை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று இவரைச் சொல்வார்கள். பச்சைக்காரர்களின் ராஜா என்று பட்டம். குத்தியது மட்டுமில்லை, வேண்டாம் என்று வந்தவர்களுக்குத் தன் மருந்துக் கலவை ஒன்றால் பச்சையை எடுத்தும் விட்டார். 1964ல் இறந்தார். அதாவது ஹோஃப்மான் கடை போட்டபிறகு மூன்று வருடம் இருவரும் ஒரே பேட்டையில் இருந்திருக்கிறார்கள், நடந்தால் சில நிமிட தூரத்தில்.

2019 குளிர்காலத்தில் ஹாம்பர்க் வரலாற்று அருங்காட்சியகத்தில் வார்லிஷ் கண்காட்சி நடந்தது. அதற்காகவே ரயிலேறிப் போனேன். வாடிக்கையாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவர் கையால் வரைந்து வைத்திருந்த மாதிரிகள் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். கப்பல், கழுகு, பாம்பு, பெண்கள். கரை முழுக்கக் கெட்டிக் கறுப்பு, நிழலுக்குச் சுருக்கமாக மை, மிச்சத்தை வெறும் தோலாகவே விட்டுவிடுவது. கெட்டிக் கரை இருந்தால் நிறம் மங்கினாலும் உருவம் கலையாது. எங்கள் ஸ்டூடியோவில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே காகிதத்தில் பார்த்ததும்தான் எனக்கு அது புரிந்தது.

அந்தப் பெரியவரின் குறிகளை முடிந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் அண்ணா. முகம் வேண்டாம், கை மட்டும் போதும்.


ஏரிக்கரை:

வணக்கம். நான் ஸ்விட்சர்லாந்தில், சென்காலன் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனகாலம். ஹோஃப்மான் ஓய்வுக்குப் பிறகு எங்கடை பக்கம்தான் வந்து இருந்தவர், அப்பன்செல் மலையில். கடைசிக் காலம் ஹைடன். ரோர்ஷாக் ஏரிக்கரையிலிருந்து பற்சக்கர ரயிலில் ஏறினால் போய்ச் சேருகிற ஊர். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஆன்றி டுனான் 1910ல் காலமானதும் அதே ஹைடனில். சரியாக நூறு வருடம் கழித்து இவர்.

என்னுடைய சந்திப்பு அவரோடு இல்லை. எங்கள் இல்லத்துக்கு ஒரு அம்மா வந்தார், வயது தொண்ணூறுக்குக் கிட்ட, வட ஜெர்மனியில் பிறந்தவர். முதல் நாள் குளிக்கவார்க்கும்போது இடது மேற்கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டே இருந்தார். நோகிறதாக்கும் என்று நினைத்து மெதுவாகக் கையை எடுத்தேன். ஒரு ரோஜாப்பூ. கோடெல்லாம் அகன்று நீலப்பச்சையாக இருந்தது. தோல் சுருங்கியதில் பூ கூம்பிப் போயிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய அம்மம்மாவின் கையிலும் பச்சை இருந்தது, அதை அவர் ஒருநாளும் ஒளித்ததில்லை. இவர் ஏன் ஒளிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் நூலகத்தில் ஹோஃப்மானின் படப் புத்தகம் கிடைத்தது. 2002ல் வந்தது, 'பில்டர்பூஹ்மென்ஷன்' என்று பெயர். படப்புத்தக மனிதர்கள் என்று சொல்லலாம். பச்சை குத்திய மனிதர்களை அவர் கேமராவும் கையுமாகத் தேடிப்போய் எடுத்த படங்கள். உபதலைப்பில் 1878–1952 என்றிருக்கும். அது படம் எடுத்த ஆண்டுகள் இல்லை, அந்த மனிதர்கள் பிறந்த ஆண்டுகள். அந்தக் காலத்து ஜெர்மனியில் பச்சை என்றால் மாலுமி, கைதி, இல்லாவிட்டால் ஒழுக்கமில்லாதவர், இவ்வளவுதான் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் அந்தப் படங்களில் நேராக நிமிர்ந்து நிற்கிறார்கள், கலியாணத்துக்குப் படம் எடுக்க நிற்பதுபோல. பெண்களும் இருக்கிறார்கள். அதைக் கண்டதும் நான் அடுத்த பக்கம் திருப்பாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

அவர் பாவித்தது ரோலைஃப்ளெக்ஸ். என் மாமா யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், அவரிடமும் அந்த மாதிரிக் கேமரா ஒன்று இருந்ததால் எனக்குத் தெரியும். கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை அது. நெஞ்சுக்குக் கீழே பிடித்து, தலையைக் குனிந்து மேலே இருக்கிற கண்ணாடியைப் பார்க்கவேண்டும். எதிரே நிற்கிறவருக்குத் தெரிவது குனிந்த ஒரு தலைதான். சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிற ஒருவருக்கு, தன்னை முறைத்துப் பார்க்காமல் தலை குனிந்து நிற்கும் மனிதர் முன்னால் நிற்பது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். அவரே உடம்பெல்லாம் பச்சை குத்தியவர் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

புத்தகத்தை இரவல் எடுத்துப் போய் அந்த அம்மாவின் மடியில் வைத்தேன். கனநேரம் பார்த்தார். ஒரு பெண்ணின் படத்தில் விரலை வைத்து, வடிவாக இருக்கிறாள் என்றார். அடுத்த முறை குளிக்கவார்த்தபோது கையைப் பொத்தவில்லை. ரோஜாவைச் சுற்றி நான் மெதுவாகத் தேய்க்க, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய், அது போகாது என்று சிரித்தார்.


துறைமுகவாசி:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கேமரா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கச்சி, நீ கேட்ட படம் என்னிடம் இல்லை. எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. பெரியவர் போன இலையுதிர் காலத்தில் தவறிவிட்டார். ஓல்ஸ்டார்ஃப் கல்லறைக்கு நானும் போயிருந்தேன், மொத்தம் பதினொரு பேர். பெட்டியை மூடும் முன் பார்த்தோம். முழுக்கைச் சட்டை போட்டு, கைகளை வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தார்கள், இடது கை மேலே வரும்படி. அவருடைய மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, இடது கையை மெல்லத் தூக்கி, வலது கையை எடுத்து மேலே வைத்தார்.