புதுப்பிப்பு: பதுளையிலிருந்து தகவல் வந்துவிட்டது

2025 நவம்பர் 28 அன்று இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பின், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வசிக்கும் பெரியம்மா குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை என்று ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊரிலிருந்து எழுதியிருந்தேன். நேற்று அதிகாலை 4 மணிக்கு, ஆறு நாளாக ஒற்றை டிக்குடன் நின்றிருந்த என் வாட்ஸ்அப் செய்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அதைப் பார்த்த அம்மா, பல் கூடத் துலக்காமல், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்குப் பெரியம்மா மகன், என் அண்ணன், அழைத்தார். நால்வரும் நலம். லயத்தின் பின்சுவரில் விரிசல் கண்டதும் இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம். மறுநாள் மேட்டு மண் சரிந்து சமையலறையை மூடியிருக்கிறது. மின்சாரம் போனபின் கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக அடங்கியதால், சிக்னல் தேடி மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்து வந்துதான் பேசினார்.

117 என்ற இலங்கை அனர்த்த முகாமைத்துவ (பேரிடர் மேலாண்மை) நிலைய எண்ணைத் தந்த நண்பருக்கு நன்றி. இணைப்புக் கிடைக்கவில்லை என்றாலும், முயல ஓர் எண் இருந்ததே அந்த நாள்களில் பெரிதாக இருந்தது. தனுஷ்கோடி முனையில் நின்றால் இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் இந்த ஆறு நாளும் அது எங்களுக்கு எட்டாத தேசமாகிவிட்டது.

பக்கத்து லயத்தில் இருவரை இன்னும் தேடுகிறார்கள். அவர்களைப் பற்றி அண்ணன் அதற்குமேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.