கீழடிச் செயல்திட்டமும் எங்கள் தெருக் குழுவும்

[மாலை 6:40] மீனாட்சி: எல்லோருக்கும் வணக்கம். யாழினிக்குப் பள்ளியில் கீழடி அகழாய்வு பற்றிச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அவளுக்குப் பார்வை இல்லாததால் நேற்றிரவு நானே இணையத்தில் தேடி, கிடைத்ததை வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "அம்மா, நீங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மடிக்கணினியில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இருந்தும், தனியாகத் தேட உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சோர்ந்துபோகிறாள். யாராவது வழி சொல்ல முடியுமா?

[6:52] சுந்தரி டீச்சர்: மீனாட்சி, சிறப்புப் பயிற்றுநராக நான் பார்த்த பிள்ளைகளில் பலர் இதே இடத்தில்தான் சோர்ந்து நிற்பார்கள். ஒரு பக்கம் திறந்ததும் நம் கண் மேலே உள்ள பட்டியையும் விளம்பரத்தையும் தாண்டி நேரே செய்திக்குப் போய்விடுகிறது; காதால் படிக்கும் பிள்ளையோ முகப்பு, உள்நுழைக, பகிர்க என்று ஒவ்வொரு இணைப்பையும் கேட்டு முடித்த பிறகுதான் முதல் வரிக்கு வந்து சேர்கிறாள். அவள் அம்புக்குறியை மட்டும்தான் அழுத்துகிறாளா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

[6:55] மீனாட்சி: ஆமாம் டீச்சர், கீழ் அம்புக்குறியைத்தான் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

[7:03] சுந்தரி டீச்சர்: அப்படியானால் இன்றைக்கு ஒரே ஒரு விசையைப் பழகட்டும். என்விடிஏ இயங்கும்போது ஆங்கில எச் எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தினால் முந்தைய தலைப்புக்குத் திரும்பும். கூகுள் முடிவுகளில் ஒவ்வொரு பக்கத்தின் பெயரும் தலைப்பாகவே அமைந்திருப்பதால், எச் எச் என்று போனாலே எந்தெந்தத் தளங்கள் வந்திருக்கின்றன என்பது ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தைத் திறந்த பிறகு இன்சர்ட்டையும் எஃப் 7ஐயும் சேர்த்து அழுத்தி, தலைப்புகள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கத்தின் தலைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். நாம் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்ப்பது போன்றதுதான் அது. இந்தப் பக்கம் நமக்கு உதவுமா என்று அங்கேயே அவள் முடிவு செய்யலாம். அந்த முடிவை மட்டும் தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள், மீனாட்சி; தேடல் என்பதே அதுதான்.

[7:10] ஃபாத்திமா: டீச்சர், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா இருக்கிறது, அவனுக்கும் இதே செயல்திட்டம்தான். ழகரமும் லகரமும் ளகரமும் மாறிமாறி விழுவதால், "கீழடி" என்ற ஒரு சொல்லை மூன்று முறை தட்டிவிட்டு, எழுந்து போய்விட்டான். அவன் எதைப் பழக வேண்டும்?

[7:18] சுந்தரி டீச்சர்: அவனுக்குத் தட்டச்சு வேண்டாம், ஃபாத்திமா. கைபேசியின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கியை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். சொல் சரியான எழுத்தில் வந்து நிற்பதைப் பார்ப்பதே அவனுக்குப் பாடம். படிப்பதற்கு எட்ஜ் உலாவியில் கட்டுரையைத் திறந்து எஃப் 9 அழுத்தினால், அது இடம் கொடுக்கும் பக்கங்களில், விளம்பரமெல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். ஒரு வரி அல்லது மூன்று வரி மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். உரக்கப் படிக்கவும் சொல்லலாம்; தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் போன்ற குரல்கள் இருக்கின்றன. காதில் கேட்டுக்கொண்டே கண்ணும் வரியோடு போனால் அவனுக்குக் களைப்பு குறையும்.

[7:31] இராமசாமி ஐயா: யாழினிக்கு உதவும் என்று, நான் வெட்டி வைத்திருந்த கீழடிச் செய்தித்தாள் பக்கங்கள் நான்கைப் படம் பிடித்து மேலே அனுப்பியிருக்கிறேன்.

[7:36] யாழினி: வணக்கம் தாத்தா, நான்தான் அம்மாவின் கைபேசியிலிருந்து பேசி அனுப்புகிறேன். நீங்கள் அனுப்பியவை எனக்குப் "படம், படம், படம், படம்" என்று மட்டும்தான் கேட்கின்றன. இணையத்திலும் இப்படித்தான் நடக்கிறது. பழைய தமிழ் நூல்களைத் திறந்தால் பக்கமெல்லாம் படமாகவே இருக்கின்றன. வேறு சில பழைய தளங்களில் எழுத்து இருந்தாலும் பொருளில்லாத ஓசைகளாகக் கேட்கிறது.

[7:44] சுந்தரி டீச்சர்: யாழினி, பொருளில்லாமல் ஒலிப்பவை யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்டவையாக இருக்கும், பாமினி போன்றவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். அந்த உரையை எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோடாக்கிக் கொள்ளலாம். படமாக இருப்பவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் ஆவணமாகத் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். ஆனால் பிழைகள் வரும், ஆண்டுகளையும் எண்களையும் பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். மீனாட்சி, உங்கள் உதவி தேவைப்படும் இடம் இதுதான்.

[7:50] இராமசாமி ஐயா: அம்மா யாழினி, இத்தனை ஆண்டுகள் இதே தெருவில் இருந்தும் இது எனக்குத் தோன்றாமல் போனது வருத்தமாக இருக்கிறது. முதல் பக்கத்தை நானே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். எனக்கு நேரம் ஆகும், பொறுத்துக்கொள்.

[இரவு 8:47] யாழினி: டீச்சர், எச் விசையால் ஒன்பது பக்கங்களைப் பார்த்து, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சிக்கல். ஒரு பக்கம் கீழடியின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்கிறது, இன்னொன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிறது. நான் எதை எழுதுவது?

[8:55] சுந்தரி டீச்சர்: கண்ணே, இரண்டு பக்கங்களும் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று தேடிப் பார்.

[9:14] யாழினி: பார்த்துவிட்டேன் டீச்சர். 3ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் பக்கம் 2017ஆம் ஆண்டு எழுதப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில்தான் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று அதில் வந்ததால்தான் 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். இரண்டையும் எழுதி, ஏன் மாறியது என்றும் எழுதப்போகிறேன்.

[9:16] மீனாட்சி: நான் பக்கத்து அறையில் சமைத்துக்கொண்டிருந்தேன், டீச்சர். எதையும் நான் சொல்லித் தரவில்லை.

[9:32] இராமசாமி ஐயா: முதல் பக்கம் முடிந்தது, கீழே எழுத்தாகவே அனுப்பியிருக்கிறேன். படத்தில் இருந்த பானை ஓட்டின் மேல் எந்த இடத்தில் எழுத்துக் கீறப்பட்டிருக்கிறது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். அந்த விவரம் போதுமா என்று யாழினி சொன்னால், மற்ற மூன்றையும் அதே முறையில் நாளை காலை முடித்துவிடுவேன்.

[9:35] யாழினி: எழுத்து ஓட்டின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தாத்தா. ஓடு எவ்வளவு பெரியது, என் உள்ளங்கையில் அடங்குமா என்பதையும் சொல்ல முடியுமா?