புதுப்பிப்பு: ஆல்ப்ஸ் பயணத்துக்கு வெங்கன் முடிவாகிவிட்டது

அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்து போகிறோம், அங்குள்ள மலைக் கிராமங்களில் கிரிண்டெல்வால்டில் தங்கலாமா வெங்கனிலா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெங்கனில் சமையலறையோடு ஒரு வீடு பிடித்தாயிற்று.

அந்த ஊருக்குக் காரில் போக முடியாது என்பதுதான் முக்கியக் காரணம். லாட்டர்புருனனில் இறங்கி மலை ரயிலில் ஏற வேண்டும். பிள்ளைகளைத் தெருவில் பயமில்லாமல் விடலாம். உயரமும் 1,274 மீட்டர்தான், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. அதே காரணத்துக்காக 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் மலைக் கணவாயை விட்டுவிட்டோம். சுவிஸ் டிராவல் பாஸ் (நாடு முழுவதும் ரயில், பஸ்ஸில் போவதற்கான பயணச் சீட்டு) இருந்தாலும் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பதில், கேபிள் காரில் மென்லிகன் மலைக்கு ஏறி அங்கிருந்து கிளைன ஷைடெக் ரயில் நிலையம் வரை நடக்கப் போகிறோம். ஒன்றரை மணி நேரப் பாதை, பெரும்பாலும் இறக்கம், எதிரே ஐகர் சிகரம். அம்மா வெங்கனிலிருந்து நேராக ரயிலில் வந்து கிளைன ஷைடெக்கில் சேர்ந்துகொள்வார். இந்த ஏற்பாட்டில்தான் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மழை வந்தால் பாறைக்குள்ளேயே விழும் ட்ரூம்மல்பாக் அருவி. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், கவனம்.

சுவிஸ் டிராவல் பாஸ் வாங்குபவர்கள் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள். இலவசம்தான். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெற்றோருடன் கட்டணமில்லாமல் வரலாம். தாத்தா பாட்டியோடு மட்டும் வந்தால் செல்லாது.