வடக்கே செம்பனை, தெற்கே ஈப்போ: வானப்படம் எடுக்க எந்த மென்பொருள், எந்தப் பெட்டி? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

சுங்கை சிப்புட், திரி தொடங்கியவர்

வணக்கம். ரெண்டு வாரமா ஒரு தம்பி கேட்டுக்கிட்டே இருக்காரு. "அண்ணே, டெலஸ்கோப்பையும் கேமராவையும் ஓட்ட எந்த மென்பொருள் நல்லது? மினி கணினியா, டேப்லட்டுல ஓடுற பெட்டியா?" தனித்தனியா எழுதி மாளல. என் கதைய இங்கயே போட்டுடறேன். மத்தவங்களும் பட்டதச் சொல்லுங்க.

நான் செம்பனை ஆலையில சார்ஜ்மேன், மின்சாரம் பார்க்கிற வேலை. படம் எடுக்கிறது எங்க பழைய பெரட்டுக்களத்துல. அப்பா காலத்துல விடியிறதுக்கு முன்னாடி பேர் கூப்பிட்ட இடம். இப்ப லயமும் இல்ல, கித்தா (ரப்பர்) மரமும் இல்ல, நாலு பக்கமும் செம்பனைதான். அந்த சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். முக்காலி வைக்க அதவிட கெட்டியான தரை இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது.

முதல்ல டெலஸ்கோப்பத் தாங்கித் திருப்புற மவுண்ட், பழைய ஹெச்இக்யூ5 ஒண்ணு கைமாத்தி வாங்கினேன். மவுண்ட் ஒழுங்கா சுத்தணும்னா அதோட அச்சு வான துருவத்த, அதாவது வானமே சுத்தி வர்ற மாதிரி தெரியிற புள்ளியப் பார்த்து நிக்கணும். காணொளியில எல்லாரும் என்ன செய்றாங்க? சின்னக் குழாய்ல கண்ண வெச்சு துருவ நட்சத்திரத்தப் பிடிக்கிறாங்க, முடிஞ்சது. அவங்க ஊர்ல அது 40, 50 டிகிரி உயரத்துல நிக்குது. அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்துலதான் அது நிக்கும், மலேசியாவுல நம்ம ஊருக்கு அது வடக்கு 4.8 டிகிரி. கைய நீட்டி மூணு விரலச் சேர்த்துப் பிடிங்க, அவ்வளவு உயரத்துலதான் நமக்கு அது நிக்கும். அந்த மூணு விரலுக்குள்ள மூணு நிரை செம்பனையும் அதுக்கு மேல பனிமூட்டமும் இருக்கு. மூணு வருஷத்துல ஒரு தடவகூட நான் அதப் பார்த்ததில்ல.

இது தெரியாம, துருவத்தச் சுத்தியிருக்கிற வானத்தப் படம் பிடிச்சு அச்ச நேராக்குற மென்பொருள் ஒண்ணக் காசு கொடுத்து வாங்கினேன். மென்பொருள் மேல குத்தமே இல்ல. மரத்தப் பார்த்து நட்சத்திரம் எங்கன்னு கேட்டா அது பாவம் என்ன பண்ணும்?

கடைசியில காப்பாத்தினது நைனா (NINA)ங்கிற மென்பொருள். காசு இல்ல, விண்டோஸ்ல ஓடும். அதுல மூணு புள்ளி துருவச் சீரமைப்புன்னு ஒரு துணை நிரல் சேர்த்துக்கலாம். கிழக்கோ மேற்கோ, வானம் தெரியிற பக்கமாப் பார்த்து ஒரு படம் எடுக்கும். மவுண்டக் கொஞ்சம் திருப்பி இன்னொண்ணு, இன்னும் கொஞ்சம் திருப்பி மூணாவது. ஒவ்வொரு படத்துலயும் இருக்கிற நட்சத்திரத்த வரைபடத்தோட பொருத்திப் பார்த்து, அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுடும். அப்புறம் திரையப் பார்த்துக்கிட்டே போல்ட்டத் திருக வேண்டியதுதான். துருவம் எங்கன்னு கண்ணால பார்க்கவே வேணாம். முதல் தடவ அது வேலை செஞ்ச ராத்திரி, மணி ரெண்டரைக்குத் தனியா நின்னு கைதட்டினேன். காவலுக்கு இருக்கிற ஜாகா மாமா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுப் போனாரு.

அதனால தம்பிக்கு என் பதில் இது. பெட்டியப் பத்தி அப்புறம் யோசிங்க. துருவத்தப் பார்க்காம அச்ச நேராக்கத் தெரியுமான்னு முதல்ல மென்பொருளக் கேளுங்க. தெரியாதுன்னா நம்ம ஊருக்கு அது ஆகாது.

இப்ப என்கிட்ட ஓடுறது: மவுண்டுக்குப் பக்கத்துலயே கட்டி வெச்ச என்100 சிப் போட்ட மினி கணினி. அதுல ஆஸ்காம், நைனா, ஆஸ்டாப், பிஎச்டி2. ஆஸ்காம்தான் நடுவுல இருக்கிற தரகர். மவுண்ட், கேமரா, ஃபோகஸ் மோட்டார் எல்லாம் வேற வேற பாஷை பேசும், இது எல்லாத்தையும் நைனாவுக்குப் புரிய வைக்கும். ஆஸ்டாப் நட்சத்திரத்தப் பொருத்தும். பிஎச்டி2 ஒரு நட்சத்திரத்தக் கண்ணு எடுக்காம பார்த்து மவுண்டத் திருத்திக்கிட்டே இருக்கும், இதத்தான் கைடிங்னு சொல்றது. நாலுமே இலவசம். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்துல அளவெடுக்கச் சொல்லுது பிஎச்டி2. நமக்கு அந்தக் கோடு கிட்டத்தட்ட தலைக்கு மேலயே போகுது. துருவம் இல்லாத குறைக்கு இது ஒரு ஆறுதல்.

இனி வெக்கக்கேடான கதை. மவுண்ட் வேகமாத் திரும்புறப்ப எல்லாம் இணைப்பு அறுந்துடும். ஒரு மாசம் டிரைவர மாத்தினேன், கேபிள மாத்தினேன், கணினியவே அழிச்சு மறுபடி ஏத்தினேன். கடைசியில மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா, பேட்டரிகிட்ட 12.8 வோல்ட், மவுண்டுகிட்ட 11 சொச்சம். வண்டியில இருந்த பேட்டரிக்கு 1 சதுர மில்லி வயர் 10 மீட்டர் இழுத்திருந்தேன். போக வர 20 மீட்டர், 0.35 ஓம். கேமரா குளிரூட்டி, மவுண்ட், கணினி எல்லாம் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தா 1.75 வோல்ட் வழியிலயே காணாமப் போயிடும். இந்த மவுண்ட் கேட்கிறது குறைஞ்சது 11, வேகமாத் திரும்புறப்ப அதுக்கும் கீழ இறங்கிடும். ஆலையில தினம் இந்தக் கணக்கப் போடுறவன் நான். பேட்டரிய முக்காலிக்குக் கீழயே கொண்டு வந்தேன், நோய் தீர்ந்தது. மென்பொருளத் திட்டுறதுக்கு முன்னாடி மீட்டர எடுங்க.


ஜாலோங், ஓய்வு பெற்ற கிராணி

தம்பி எழுதினது சரிதான். ஆனா எனக்கு 63 வயசு, இடுப்பு வலி வேற. நாலு மென்பொருள ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற பொறுமை எனக்கில்ல. நான் ஏஎஸ்ஐஏர் பெட்டிதான் வெச்சிருக்கேன். உள்ளங்கை அளவு. டேப்லட்டத் தொட்டா வேலை நடக்குது. துருவத்தப் பார்க்காம அச்ச நேராக்குற வசதி அதுலயும் இருக்கு.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். வானப்பட கேமரான்னா அது அதே கம்பெனி கேமராவத்தான் ஏத்துக்கும். அதவிட்டா கேனன், நிக்கான், சோனி மாதிரி சாதாரண கேமராதான். பாதி சாமான் வேற கம்பெனிதா இருந்தா பெட்டி சும்மா கிடக்கும். நான் எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்கினதால எனக்குத் தொந்தரவு இல்ல. கல்யாணம் மாதிரி, வீட்டுக்காரங்கள எல்லாம் சேர்த்துத்தான் கட்டிக்கணும்.

மவுண்ட் ஏஎம்5. அஞ்சு கிலோதான், ஒரு கையால தூக்கிடுவேன். எதிர் எடை இல்லாமலே 13 கிலோ தாங்கும். ஆனா இந்த ஹார்மானிக் வகை, பல்சக்கர மவுண்ட் மாதிரி தானா நேராப் போகாது, கொஞ்சம் ஆடிக்கிட்டேதான் போகும். கைடிங் இல்லாம இதுல நீண்ட படம் எடுக்கிறத மறந்துடுங்க. அதுவும் அரை செகண்டு, ஒரு செகண்டுக்கு ஒரு தடவ திருத்தணும்.


லிந்தாங், கல்லூரி மாணவர்

அண்ணே, அந்த மெசேஜ் போட்ட தம்பி நான்தான். சும்மா கேட்டுக்கிட்டு இருக்கல, இதுக்குள்ள ஒரு அனுபவமும் பட்டுட்டேன்.

என்கிட்ட ராஸ்பெரி பை 4ங்கிற குட்டிக் கணினி சும்மா கிடந்துச்சு. கேஸ்டார்ஸ்ங்கிற வான வரைபட மென்பொருளும், அதுக்குள்ள இருந்து டெலஸ்கோப்பையும் கேமராவையும் ஓட்டுற ஈகோஸும் ஏத்தினேன். எல்லாம் இலவசம், லினக்ஸ்ல ஓடும், பழைய கேனன் 600டியையும் பிடிச்சுக்கிச்சு. வீட்டு வாசல்ல அருமையா ஓடுச்சு. அப்புறம் மாமா தோட்டத்துக்குக் கொண்டு போனேன். அங்க இணைய லைன் கிடையாது. ஓமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்தப் பாருன்னு சொன்னா, டெலஸ்கோப் மெதுவாத் திரும்பி மாட்டுக்கொட்டகையப் பார்த்து நின்னுச்சு. மறுபடி சொன்னேன், மறுபடி மாட்டுக்கொட்டகை. மாமா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

காரணம் என்னன்னா, பை 4ல கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தா நேரத்த அங்கிருந்து எடுத்துக்கும். இல்லைனா கடைசியா அணைச்ச நேரத்துலயே நிக்கும். அதுக்கு அப்ப சாயங்காலம் ஆறு மணி, நமக்கு ராத்திரி பத்தரை. வானம் மணிக்கு 15 டிகிரி நகருது, நாலரை மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பார்த்துக்குங்க. இப்ப பேட்டரி வெச்ச சின்ன கடிகாரப் பலகை ஒண்ணச் சொருகிட்டேன். யூஎஸ்பி ஜிபிஎஸ் வெச்சாலும் சரியாயிடும்.

இன்னொரு தலைவலி: கரண்டத் திடீர்னு பிடுங்கினதுல எஸ்டி கார்டு செத்துடுச்சு, அதுல இருந்த 140 படமும் போச்சு. இப்ப எஸ்எஸ்டிதான்.


ஈப்போ

உங்க தெற்கு வானத்தக் கெடுக்கிறது எங்க ஊர் வெளிச்சம்தான், மன்னிச்சுக்குங்க. கரினா நெபுலா, அதாவது ஒளிவிடுற வாயு மேகம், உங்களுக்கு 25 டிகிரிக்கு மேல ஏறாது, அது முழுக்க எங்க வெளிச்சத்துக்குள்ளதான். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஒளிய மட்டும் விடுற இரட்டைப்பட்டை ஃபில்டர் போடுங்க, நெபுலா பளிச்சுன்னு வரும். லிந்தாங் தம்பியோட ஓமேகா செண்டாரிக்கு அது உதவாது. அது நட்சத்திரக் கொத்து, எல்லா நிற ஒளியும் அதுல இருக்கு.


கோலகங்சார், டீச்சர்

எல்லாரும் பெட்டி பெட்டின்னு பேசறதால ஒரு மாத்துக் கருத்து.

2025 செப்டம்பர் 8 விடியக்காலையில முழு சந்திர கிரகணம் வந்துச்சே, 1:30ல இருந்து 2:52 வரைக்கும். அதுக்காக ஒரு வாரம் உக்காந்து மடிக்கணினியில வரிசை எழுதினேன். பாதி மறையிறப்ப செகண்டுல ஐநூறுல ஒரு பங்கு, முழுசா சிவந்தப்புறம் ரெண்டு செகண்டு, நடுவுல இத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவன்னு. அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரையும் எழுப்பி முற்றத்துல பாய் போட்டு உக்கார வெச்சேன். மேகம் வந்து வந்து போச்சு. மென்பொருளுக்கு மேகம் தெரியுமா? அது பாட்டுக்கு நேரத்தப் பார்த்து இருட்டப் படம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. மேகம் விலகுற நேரத்துல அடுத்த படத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. ஒன்றே முக்கால் மணிக்கு யூஎஸ்பியப் பிடுங்கிட்டு கையாலயே எடுத்தேன். நல்லா வந்த 11 படமும் அப்படி எடுத்ததுதான்.

கேமராவும் ஒரு ரிமோட்டும் இருந்தா நிலாவுக்குப் போதும். மவுண்டுல நிலா வேகத்த மட்டும் தேர்ந்தெடுங்க. நட்சத்திர வேகத்துலயே விட்டா நிலா செகண்டுக்கு அரை ஆர்க் செகண்டு (ஒரு ஆர்க் செகண்டுன்னா டிகிரியில 3600ல ஒரு பங்கு) நழுவும். புதுசா வர்றவங்க முதல் ஆறு மாசம் கையால எடுத்துப் பழகட்டும். அப்பதான் எந்த வேலைக்கு மென்பொருள் வேணும்னே தெரியும்.


சுங்கை சிப்புட், திரி தொடங்கியவர்

டீச்சர், நிலாவுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா மங்கலான நெபுலாவுக்கு மூணு நிமிஷப் படம் அறுபது வேணும். கையால எடுக்க நின்னா காலையில வேலைக்கு யார் போறது?

தம்பி, மாட்டுக்கொட்டகை கதைய எங்க ஆலை கேண்டீன்ல சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

கேட்காமலே விட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிடறேன். குளிரூட்டுற கேமரால "மைனஸ் 20 வை"ன்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க. அது குளிர் நாட்டுக் கதை. பெரும்பாலான கேமரா வெளி வெப்பத்தவிட 35 டிகிரிதான் கீழ போகும். நமக்கு நடுராத்திரியில 26 இருக்கு, கணக்குப்படி மைனஸ் 9தான் எல்லை, அதுலயும் மூச்சு முட்டும். நான் 0லயே நிறுத்திடுவேன். எல்லா மாசமும் ஒரே அளவுல வெச்சா, கேமரா இரைச்சலக் கழிக்க மூடி போட்டு ஒரு தடவ எடுத்த டார்க் படத்தயே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வைஃபை அறுந்து அறுந்து போனா, யூஎஸ்பி 3 கேபிளச் சந்தேகப்படுங்க. அது கசியிற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்லயே விழும். 5 ஜிகாஹெர்ட்ஸ்க்கு மாத்தினப்புறம் எனக்கு அந்தப் பிரச்சனை இல்ல. மினி கணினிக்குத் திரை இல்லைனா ஒரு பொய் எச்டிஎம்ஐ முனையச் சொருகுங்க. இல்லைனா தூரத்துல இருந்து பார்க்கிறப்ப படம் தபால்தலை அளவுல வரலாம். தானா அப்டேட் ஆகுறதையும் நிறுத்தி வைங்க. நான் நிறுத்தாம விட்டு, நாலு மணி நேரப் படம் ஒரு மணி நேரத்தோட நின்னுச்சு. நானோ வண்டியில நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் எதிர் எடைத் தண்டு. நம்ம அட்சரேகைக்கு அச்சு படுத்த மாதிரி கிடக்கிறதால, தண்டு நேரா கீழ தொங்கி முக்காலிக் கால்ல இடிக்கும். நடுவுல ஒரு உயரக்குழாய் வைங்க. எனக்கு நம்ம ஊர் லேத் பட்டறையில செஞ்சு கொடுத்தாங்க.


ஜாலோங், ஓய்வு பெற்ற கிராணி

எறும்ப யாரும் சொல்லலயே? பெட்டி சூடா இருக்கும், வெளியில ஈரம். ரெண்டு மணி நேரத்துல காத்துத் துளை வழியா குடும்பத்தோட குடியேறிடும். முக்காலியோட மூணு காலுக்கும் கீழ எண்ணெய்த் துணி சுத்தி வைங்க. கேபிள் தரையத் தொட்டா அது வழியா ஏறும், அதையும் பார்த்துக்குங்க.


லிந்தாங், கல்லூரி மாணவர்

முடிவு பண்ணிட்டேன் அண்ணே. புதுசா எதுவும் வாங்கல. பை அப்படியே இருக்கட்டும். ஈகோஸ்லயும் துருவத்தப் பார்க்காம அச்ச நேராக்கலாம்னு நேத்துதான் கண்டுபிடிச்சேன். மிச்சக் காசுல லென்ஸுக்குப் பனி வராம சூடாக்குற பட்டை ரெண்டு வாங்கறேன். போன தடவ பத்தரைக்கெல்லாம் கண்ணாடி வேர்த்துடுச்சு.


சுங்கை சிப்புட், திரி தொடங்கியவர்

அதுவே நல்ல முடிவு. சனிக்கிழமை அமாவாசை. ஏழு மணிக்கெல்லாம் பெரட்டுக்களத்துக்கு வந்துடுங்க, வெளிச்சம் இருக்கும்போதே வயர் எல்லாம் பிடிச்சுடலாம். ஜாகா மாமாகிட்ட சொல்லிட்டேன். அவர் ஒரு சேதி சொன்னாரு. வடக்குப் பக்கத்து நிரை எல்லாம் வயசாயிடுச்சாம், அடுத்த வருஷம் மறுநடவாம். "அப்புறம் உன் நட்சத்திரம் தெரியும்ல?"னு கேட்டாரு. தெரியும் மாமான்னு சொல்லி வெச்சேன்.


ஜாலோங், ஓய்வு பெற்ற கிராணி

நானும் வரேன். நாற்காலி இருக்கா, கொண்டு வரணுமா?