டெனிஸ் பாக்ஹாண்ட் வலையில் விழுகிறது, முழங்கையும் வலிக்கிறது: எதிலிருந்து தொடங்குவது?

வலிகாமத்தான் (கேள்வி):
வணக்கம். எனக்கு வயது 46. பள்ளிக்காலத்தில் துடுப்பாட்டம் விளையாடியவன். இரண்டு ஆண்டுகளாக யாழ்ப்பாண நகரில் ஒரு சீமெந்துத் தளத்தில் வாரத்துக்கு மூன்று மாலைகள் டெனிஸ் ஆடுகிறேன். போர்ஹாண்ட் (உள்ளங்கை முன்னே வர அடிப்பது) ஓரளவு கைவந்துவிட்டது. ஒற்றைக் கையால் அடிக்கும் பாக்ஹாண்டில் (புறங்கை முன்னே வர அடிப்பது) மட்டும் பத்துக்கு ஆறேழு பந்துகள் வலையில் விழுகின்றன. இரண்டு மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி இருக்கிறது. காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதுகூடத் தெரிகிறது. மூன்றாவது செட்டில் கால்களும் ஓய்ந்துவிடுகின்றன. அடியை முதலில் திருத்துவதா, உடலை முதலில் தேற்றுவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெள்ளைக்கோடு:
தம்பி, துடுப்பாட்டம் ஆடியவர் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. துடுப்பாட்டத்தில் பந்தைக் கண்ணுக்குக் கீழே, உடலை ஒட்டி வரவிட்டு ஆடப் பழகியிருப்பீர்கள். ஒற்றைக் கைப் பாக்ஹாண்டிலோ முன்வைத்த காலுக்கும் சற்று முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். அந்த இடம் தவறினால் தோளும் இடுப்பும் தர வேண்டிய விசையை மணிக்கட்டும் முழங்கையும் தனியே தர நேரிடுகிறது. பந்து வலையில் விழுவதற்கும் கை வலிப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். போர்ஹாண்ட் பிடியை மாற்றாமலே அடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். சுட்டுவிரலின் அடிக்கணு கைப்பிடியின் மேல்முகத்தில் அமர வேண்டும்.

எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் இரு கால்களாலும் ஒரு சிறு துள்ளல் துள்ளுங்கள். பந்து இடப்பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடன், ஓடுவதற்கு முன்பே தோளைத் திருப்பிவிடுங்கள். ஒரு மாதத்துக்குப் பாக்ஹாண்டைக் குறுக்காக, வலையின் நடுப்பகுதிக்கு மேலாக எதிர் மூலைக்கு மட்டுமே அடியுங்கள்: வலை கம்பத்தருகே 1.07 மீற்றர் உயரம், நடுவில் 91.4 சென்ரிமீற்றர்தான். நேர்க்கோட்டில் தளத்தின் நீளம் 23.77 மீற்றர், ஒற்றையர் தளத்தில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 25.15 மீற்றர். தாழ்ந்த வலையும் கூடுதலான இடமும் சேர்ந்து கிடைக்கும்போது, பயந்து கையை இறுக்க வேண்டியிராது.

இயன்மருத்துவம் படித்தவன்:
மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் நோவுள்ள கையோடு ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டு அடியைத் திருத்த முயல வேண்டாம். மணிக்கட்டை மேலே உயர்த்தும் தசைகளின் தசைநார் முழங்கையின் வெளி எலும்பில் பற்றும் இடத்தில்தான் இந்த வலி வருவது வழக்கம். இரண்டு வாரம் பாக்ஹாண்டையும், பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சேர்வையும் குறைத்துவிட்டு, முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மறு கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, நோவுள்ள கையால் மெதுவாக இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று, நாள்தோறும். வலி கூடினாலோ விரல்கள் மரத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மட்டையில் பொலியெஸ்டர் நரம்பு கட்டியிருந்தால் அதை மாற்றி மென்மையான நரம்பு போடுங்கள். இழுவிசையையும் மூன்று நான்கு இறாத்தல் குறைக்கச் சொல்லுங்கள்.

சோளகம்:
அண்ணா, கால்கள் ஓய்வதற்கு நீங்கள் ஆடும் நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த சீமெந்து மாலையிலும் சூட்டைக் கக்கும். நான் காலை ஆறு மணிக்கே தளத்தில் நிற்பேன். உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரைச் செட்டுகளுக்கு இடையில் குடிப்பேன். ஆட்டமில்லாத நாள்களில் பத்து நிமிடம் கயிறடித்தலும், வாரத்துக்கு இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சைக்கிள் ஓடுவதும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சேர்வுக்குப் பந்தை அதிகம் உயர எறியாதீர்கள். காற்றில் விலகிய பந்தைத் துரத்தி அடிக்கும்போதும் கைதான் நோகும்.

வலிகாமத்தான்:
அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிடியை நான் மாற்றவே இல்லை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. நரம்பை மாற்றி, காலை ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். நேற்றுக் குறுக்காக அடித்த 20 பாக்ஹாண்ட் பந்துகளில் 13 வலையைத் தாண்டின. கோப்பையைத் தூக்கும்போது வலி இல்லை. சேர்வ் போடும்போது இன்னும் சற்று இருக்கிறது. ஆகையால் புதன்கிழமை மருத்துவரிடம் காட்டப் போகிறேன்.